பூட்டு எடிட்டருக்குள்ளேயே இருக்கட்டும்

"மறைக்க என்ன இருக்கு?"

கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகளைப் பூட்டி வைக்கச் சொன்னால் கல்லூரிப் பக்கம் வரும் முதல் பதில் இதுதான். இரண்டாவது பதில்: "அதெல்லாம் யாருப்பா தினமும் பண்றது?"

முதல் பதில் தவறு. இரண்டாவது பதில் நியாயமானது. தவறான பதிலை முதலில் பார்த்துவிடலாம்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி என்று ஓர் ஊர். 1924-இல் தொழுநோயாளிகளுக்காக லேடி வில்லிங்டன் பெயரில் அங்கே ஒரு மருத்துவ இல்லம் தொடங்கப்பட்டது. 1955-இல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. செங்கல்பட்டிலேயே 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆக, நோயாளிகளிடம் பேசிக் குறிப்பெடுக்கும் மாணவர்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை.

அப்படி ஒரு மாணவரைக் கற்பனை செய்து பாருங்கள். புராஜெக்டுக்காக இருபது பேரிடம் பேசுகிறார். ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து, சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எல்லாவற்றையும் தட்டி வைக்கிறார். வயது, ஊர், எத்தனை வருடமாகச் சிகிச்சை, வீட்டில் யார் யாருக்குத் தெரியும். அதில் ஒரு வரி: "மருமகள் வீட்டாருக்குத் தெரியாது."

இந்த வரி வெளியே போனால் என்ன ஆகும்? தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சை 1980-களிலேயே வந்துவிட்டது. முழுமையாகக் குணமாகும் நோய் அது. ஆனாலும் இந்தியச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக 2019 வரைக்கும் இருந்தது. அந்த வருடம் வந்த தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது. சட்டமே மாற முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் மாற எத்தனை வருடம் ஆகும்?

அந்த மாணவருக்கு மறைக்க எதுவும் இல்லைதான். ஆனால் அந்தக் கோப்பில் இருப்பது அவருடைய ரகசியம் இல்லையே. "தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று நம்பிச் சொன்னவருடைய ரகசியம்.

செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் மாமல்லபுரம் வந்துவிடும். அங்கே ரகசியத்தின் சொந்தக்காரர் மனிதர்கூட இல்லை. ஆமை.

ஒவ்வொரு வருடமும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை சிற்றாமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். சென்னைக் கரையில் மாணவர்களே நடத்தும் கடலாமை பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் ராத்திரி நடை போகிறது. 2002-இல் தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன் மீனவ இளைஞர்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறது. இப்படி நடை போகிறவர்கள் நேரம், இடம், முட்டை எண்ணிக்கை எல்லாம் குறித்தாக வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினத்தின் முட்டைகள் எந்த மணல்மேட்டில் இருக்கின்றன என்ற பட்டியல் பாதுகாவலருக்கு எவ்வளவு உதவுமோ, முட்டை திருடுகிறவனுக்கும் அதே அளவு உதவும். ஐநேச்சுரலிஸ்ட் தளம் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களின் சரியான இடத்தைக் காட்டாமல், சுமார் இருபது கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ என்று மங்கலாகக் காட்டுவது இதனால்தான்.

"மறைக்க என்ன இருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்தவர் நம்பிக் கொடுத்தது இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பூட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, எழுதாமல் இருப்பது. புராஜெக்டுக்குப் பெயர் தேவையில்லை என்றால் பெயரை எழுதவே கூடாது. எழுதாத பெயரை எந்தத் திருடனாலும் எடுக்க முடியாது. எழுதியே ஆக வேண்டியது மிஞ்சும் இல்லையா, அதற்குத்தான் பூட்டு.

நாலு படி ஏறினால்தான் பூட்டு என்றால்...

இப்போது இரண்டாவது பதில். "யாருப்பா தினமும் பண்றது?"

பூட்டுக்குக் கருவி இல்லாமல் இல்லை. ஃபில் சிம்மர்மன் 1991-இல் பிஜிபி-யை வெளியிட்டார். அதே வழியில், யார் வேண்டுமானாலும் மூலநிரலைப் படித்துப் பார்க்கும்படி வெர்னர் கோக் எழுதிய க்னூபிஜி-யின் 1.0 பதிப்பு 1999 செப்டம்பரில் வந்தது. லினக்ஸ் கணினிகளில் ஜிபிஜி என்று தட்டினால் பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும்.

'ரகசியமாக வைத்திருக்க வேண்டிய கருவியின் நிரலை எல்லாரும் படிக்கலாமா?' என்று சிலருக்குத் தோன்றும். நன்னூலில் குழூஉக்குறி என்று ஒன்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். அந்தச் சொல் ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் குழூஉக்குறியின் பயன் அன்றோடு சரி. கெர்க்காஃப்ஸ் என்ற டச்சுக்காரர் 1883-இல் இதற்கு நேர்மாறான கொள்கையைச் சொன்னார்: முறை முழுக்க எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி மட்டும் தெரியாதவரை ரகசியம் நிற்க வேண்டும். ஜிபிஜி நிற்பது அந்தக் கொள்கையில்.

கருவியில் குறை இல்லை, பயன்படுத்தும் வழியில்தான் சிக்கல். கையால் செய்தால் வரிசை இப்படி இருக்கும்:

1. பூட்டிய கோப்பைத் திறந்து, வெறும் எழுத்தாக இன்னொரு கோப்பில் எடுக்க வேண்டும்.
2. அதை எடிட்டரில் திருத்த வேண்டும்.
3. திருத்தியதைத் திரும்பப் பூட்ட வேண்டும்.
4. வெறும் எழுத்துக் கோப்பை அழிக்க வேண்டும்.

முதல் நாள் நாலு படியும் நடக்கும். ஒரு வாரம் கழித்து, ராத்திரி பதினொன்றரைக்கு, நாலாவது படி மறந்துபோகும். அடுத்த நாள் காலையில் எது புதியது என்ற குழப்பத்தில் வெறும் கோப்பிலேயே எழுதத் தொடங்கிவிடுவார்கள். மாதக் கடைசியில் பூட்டிய கோப்பு பழசாகவும் பூட்டாத கோப்பு புதுசாகவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

மறக்காமல் அழித்தாலும் நிம்மதி இல்லை. அழிக்கும் கட்டளை கோப்பின் பெயரைத்தான் பட்டியலிலிருந்து எடுக்கிறது. எழுத்துகள் வட்டில் வேறு ஏதாவது மேலே எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். மேலே எழுதி அழிக்கும் கருவிகள் பழைய ஹார்ட் டிஸ்கில் ஓரளவு வேலை செய்யும். எஸ்எஸ்டி-யிலும் பென் டிரைவிலும் எந்த இடத்தில் எழுதுவது என்பதை வட்டே முடிவு செய்வதால் அதையும் நம்ப முடியாது.

அதனால்தான் சோம்பேறித்தனத்தைத் திட்டிப் பயன் இல்லை. கதவைச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும்படி பூட்டு இருக்க வேண்டும். வெறும் எழுத்து வட்டைத் தொடவே கூடாது. இந்த இரண்டும் நடக்க ஒரே வழி, எழுதும் இடத்திலேயே, அதாவது எடிட்டருக்குள்ளேயே, பூட்டு இருப்பது.

உள்ளே என்ன நடக்கிறது?

டெர்மினலில் ஓடும் எடிட்டர்களில் இது எப்போதோ வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஈமேக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு வேலையே இல்லை. டைக்கி உவேனோ எழுதிய ஈஸிபிஜி 2009-இல் வந்த ஈமேக்ஸ் 23-லிருந்து கூடவே வருகிறது. கோப்பின் பெயர் 'டாட் ஜிபிஜி' என்று முடிந்தால் போதும். திறக்கும்போது கடவுச்சொல் கேட்கும், சேமிக்கும்போது தானே பூட்டும்.

விம் பயன்படுத்துபவர்கள் க்னூபிஜி-க்கான செருகுநிரல் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். மார்க்குஸ் பிரவுன் தொடங்கி, பின்னால் ஜேம்ஸ் மெக்காய் பராமரித்து வரும் நிரல் அது. கோப்பைத் திறக்கச் சொன்னதும் விம் தன் வழக்கப்படி படிக்காமல் வேலையை இந்த நிரலிடம் விடுகிறது. நிரல் ஜிபிஜி-யை அழைக்கிறது. திறந்த எழுத்து குழாய் வழியாக நேரே நினைவகத்துக்கு வருகிறது, இடையில் தற்காலிகக் கோப்பு எதுவும் உருவாவதில்லை. சேமிக்கச் சொன்னால் அதே பாதையில் திரும்பிப் போய், பூட்டிய வடிவம் மட்டும் வட்டில் எழுதப்படுகிறது. எழுதுகிறவருக்கு வழக்கமான விம் மாதிரியே இருக்கும். ஒரே வித்தியாசம், நடுவில் வரும் ஒரு கடவுச்சொல்.

அதுவும் ஒவ்வொரு தடவையும் வராது. ஜிபிஜி-யின் ஏஜென்ட், சாதாரண அமைப்பில், கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து 10 நிமிடம் கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கும். தொடர்ந்து பயன்படுத்தினாலும் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது. இது வசதிதான். ஆனால் லேபில் திரையைப் பூட்டாமல் டீ குடிக்கப் போகிறவருக்கு அந்த 10 நிமிடம் திறந்த கதவு.

இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. ஒரே கோப்பைப் பல பேருடைய பொதுச் சாவிக்குப் பூட்டலாம். ஆமை நடை போகும் குழுவில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேரும் அவரவர் சாவியால் திறக்கலாம், ஒரு கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டியதில்லை. ஒருவர் விலகினால் அடுத்த முறை அவருடைய சாவியை விட்டுவிட்டுப் பூட்டலாம். அவர் ஏற்கெனவே எடுத்து வைத்த பிரதியை மட்டும் திரும்ப வாங்க முடியாது. தனி ஆளுக்குச் சாவி ஜோடியே வேண்டாம், வெறும் கடவுச்சொல்லால் பூட்டும் முறையும் இருக்கிறது.

'ஏன் டெர்மினல்? வேர்ட் போதாதா?' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த கணினிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை பல. கனமான மென்பொருள் அவற்றில் மூச்சு வாங்கும், விம் ஓடும். டெக்ஸ்ட் கோப்பு இருபது வருடம் கழித்தும் திறக்கும் என்பது அடுத்த லாபம்.

கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது

எடிட்டர் என்பது நல்ல வேலைக்காரன். பிரச்சினையே அதுதான். கேட்காமலேயே நிறைய பிரதி எடுத்து வைக்கும்.

விம் சாதாரணமாக 200 எழுத்து தட்டியதும், அல்லது 4 நொடி கை ஓய்ந்ததும், அதுவரை எழுதியதை ஸ்வாப் கோப்பில் போட்டு வைக்கும். அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் கோப்புப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது. மின்வெட்டு வந்து டெஸ்க்டாப் அணைந்தால் அது அப்படியே தங்கிவிடும். விம்இன்ஃபோ என்ற இன்னொரு கோப்பில், வெட்டி ஒட்டிய வரிகளும் தேடிய சொற்களும் போய் உட்கார்ந்துகொள்ளும். பூட்டிய கோப்புக்குள் ஒரு நோயாளியின் பெயரைத் தேடினால், அந்தப் பெயர் பூட்டாத கோப்பில் பதிவாகிவிடும்! அன்டு கோப்பு, பேக்அப் கோப்பு இரண்டையும் யாராவது இயக்கி வைத்திருந்தால் அவையும் சேரும்.

அந்தச் செருகுநிரலின் உண்மையான உதவி இங்கேதான். பூட்டிய கோப்பைத் திறந்ததும் ஸ்வாப், அன்டு, விம்இன்ஃபோ மூன்றையும் அதுவே நிறுத்திவிடுகிறது. ஈமேக்ஸில் ஈஸிபிஜி-யும் தானியங்கிச் சேமிப்பை நிறுத்துகிறது. தானாகவே சொந்தக் கட்டளை எழுதி விம்மையும் ஜிபிஜி-யையும் ஒட்டவைக்கிற கெட்டிக்காரர்கள் சறுக்குவதும் இங்கேதான். பூட்டு சரியாக வேலை செய்யும், பக்கத்திலேயே ஸ்வாப் கோப்பு சிரித்துக்கொண்டிருக்கும்.

எந்த நிரலும் கவனிக்காத இடங்களும் உண்டு. கோப்பின் பெயர் பூட்டப்படுவதில்லை. 'திருமணி நோயாளிகள்' என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே இருப்பதைப் பூட்டினால் பாதி விஷயத்தைப் பெயரே சொல்லிவிடும். ஒருமுறை பூட்டாமல் கிட்டில் ஏற்றிய கோப்பு, பிறகு பூட்டினாலும், பழைய வரலாற்றில் அப்படியே இருக்கும். நினைவகம் நிரம்பும்போதும் கணினியை உறங்க வைக்கும்போதும் திறந்த எழுத்து வட்டுக்கு இறங்க வாய்ப்பு இருக்கிறது. அதற்கு லினக்ஸ் நிறுவும்போதே முழு வட்டையும் பூட்டும் வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேப்டாப் அணைந்த நிலையில் மின்சார ரயிலில் தொலைந்தால் காப்பது முழு வட்டுப் பூட்டு. பென் டிரைவில் போகும்போதும், மேகக் கிடங்கில் ஏற்றும்போதும், பொது சர்வரில் கிடக்கும்போதும் காப்பது கோப்புப் பூட்டு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது சரியல்ல.

விம்மின் சொந்தப் பூட்டு சொல்லும் பாடம்

விம்மிலேயே கோலன் போட்டு பெரிய எக்ஸ் தட்டினால் சாவி கேட்கும், கோப்பைப் பூட்டும். செருகுநிரலே வேண்டாம். பிறகு எதற்கு இவ்வளவு சுற்று?

அந்த வசதியின் வரலாற்றைப் பாருங்கள். முதலில் இருந்தது பிகேஜிப் முறை. பிஹாமும் கோச்சரும் 1994-இலேயே அதை உடைக்கும் வழியை வெளியிட்டுவிட்டார்கள். 2010-இல் வந்த விம் 7.3 ப்ளோஃபிஷ் முறையைச் சேர்த்தது. ப்ளோஃபிஷ் நல்ல முறைதான், ஆனால் அதை விம்மில் எழுதிய விதத்தில் பிழை இருந்தது. கோப்பின் முதல் 64 பைட்டுகளைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று விம்மின் கையேடே ஒப்புக்கொள்கிறது. 2014-இல் ப்ளோஃபிஷ்2 வந்து அந்தப் பிழையைச் சரிசெய்தது. 2021-இல் எக்ஸ்சாசா20 வந்தது. நியோவிம் பக்கம் இந்த வசதியையே தூக்கி எறிந்துவிட்டார்கள்.

பிராம் மூலனார் மேல் மரியாதைக் குறைவால் இதைச் சொல்லவில்லை. 1991-இல் விம்மை வெளியிட்டு, உகாண்டா குழந்தைகளுக்கு உதவச் சொல்லி அதை இலவசமாகக் கொடுத்து, 2023-இல் இறக்கும் வரை அதைக் கவனித்துக்கொண்டவர் அவர். நல்ல எடிட்டர் எழுதுவது ஒரு திறமை, நல்ல பூட்டு செய்வது வேறு திறமை. அதைத்தான் இந்த வரலாறு காட்டுகிறது. எடிட்டருக்குள் பூட்டு இருக்க வேண்டும் என்றால் எடிட்டர்காரரே பூட்டும் செய்ய வேண்டும் என்று அர்த்தமில்லை. கதவில் பூட்டு பொருந்தியிருந்தால் போதும், பூட்டைத் திண்டுக்கல்காரர் செய்யட்டும்.

இன்னொரு ஆபத்து. விம்மின் பழைய முறைகளில் தவறான சாவி கொடுத்தால் 'தவறு' என்று சொல்லாது. கோப்பைத் திறந்து கிறுக்கலாகக் காட்டும். பதறிப்போய் அப்படியே சேமித்து வெளியே வந்தால் கோப்பு போச்சு. ஜிபிஜி-யில் சாவி தவறானால் திறக்கவே திறக்காது. அப்படிக் கறாராக இருப்பதுதான் நல்லது.

தமிழில் எழுதுபவர்களுக்கு

பூட்டுக்குத் தமிழும் ஆங்கிலமும் ஒன்றுதான். யூனிகோடு யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு ஆகும், அதற்கு மேல் வித்தியாசம் இல்லை. விம்முடன் டிஸ்கி விசைப்பலகைக் கோப்பு ஒன்று வருவதை வைத்துப் பார்த்தால், யூனிகோடு நிலைபெறும் முன்பே விம்மில் தமிழ் எழுதியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. பல டெர்மினல்களில் கொம்பும் காலும் பிரிந்து நிற்பதும் கர்சர் தடுமாறுவதும் இன்றும் தொல்லைதான். அது பிடிக்காதவர்கள் ஈமேக்ஸைத் தனிச் சாளரத்தில் திறந்தால் எழுத்து சரியாக வரும், பூட்டும் அதேபோல வேலை செய்யும்.

உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்தில் வைக்கக் கூடாது. மொழிப்பற்று இல்லாமல் சொல்வதில்லை இது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே பைட்டுகள் வேறு. ஒரு கீபோர்டு மென்பொருளில் வைத்த கடவுச்சொல்லை இன்னொன்றில் தட்டினால் பூட்டு திறக்காமல் போகலாம். கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஏன் திறக்கவில்லை என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். போதாததற்கு, டெர்மினலில் வரும் கடவுச்சொல் பெட்டியில் தமிழ் உள்ளீடு ஒழுங்காக வேலை செய்யும் என்றும் சொல்ல முடியாது.

தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் தட்டலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்கள் போதும். குறளோ சினிமாப் பாட்டு வரியோ வேண்டாம், ஊருக்கே தெரிந்த வரியை முயன்று பார்க்கிறவனுக்கும் தெரியும்.

சாவி தொலைந்தால்?

இந்தக் கட்டுரைக்கு எதிரான வலுவான வாதம் இதுதான். திருடு போவதைவிட மறந்துபோவது அதிகம். பூட்டாத கோப்பு யாரிடமாவது சிக்கலாம். பூட்டிய கோப்போ எழுதியவருக்கே கிடைக்காமல் போகலாம். எது பெரிய நஷ்டம்?

இதைச் சிரித்துத் தள்ள முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் மாமல்லபுரத்தில் உள்வாங்கித் திரும்பி அடித்துவிட்டுப் போனபோது, மணலை அரித்து, அதுவரை புதைந்திருந்த சிற்பப் பாறைகளை வெளியே காட்டிவிட்டுப் போனது. சாவி தொலைந்த கோப்புக்கு அப்படி ஓர் அலை வராது. 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' என்ற பொத்தான் இதில் இல்லை. அந்தப் பொத்தான் இருந்தால் அது பூட்டே இல்லை.

ஆகவே பூட்டத் தொடங்கும் அதே நாளில் மூன்று வேலையைச் செய்துவிட வேண்டும். சாவியை ஏற்றுமதி செய்து காகிதத்தில் அச்சடித்து வீட்டு பீரோவில், பத்திரங்களோடு வைக்க வேண்டும். பூட்டிய கோப்புக்கு இரண்டு இடத்தில் பிரதி வேண்டும். பூட்டிய பிரதி என்பதால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், அதுதான் பூட்டுவதன் பெரிய லாபமே. மூன்றாவது, முதல் ஒரு மாதம் முக்கியமில்லாத கோப்பில் பழகிப் பார்க்க வேண்டும். மளிகைப் பட்டியலைப் பூட்டிப் பழகுங்கள். கை பழகிய பிறகு ஆமைக் கணக்கு, அதற்கப்புறம் மனிதர்கள்.

அடுத்த வாதம்: 'பூட்டி வைத்தால் போலீஸ் சந்தேகப்படாதா?' தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, உரிய முறையில் உத்தரவு வந்தால் கோப்பைத் திறக்க உதவ வேண்டும். மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் பூட்டுவதே குற்றம் என்று எங்கும் இல்லை. 2015 செப்டம்பரில் வெளியான தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு, பூட்டிய செய்திகளின் வெறும் எழுத்தை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. பீரோவுக்குப் பூட்டு போடுகிறவரை யாரும் திருடன் என்று சொல்வதில்லை.

மூன்றாவது வாதம், கணினியே கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்பது. தட்டுவதையெல்லாம் திருடும் நிரல் உள்ளே இருந்தால் எந்த எடிட்டரும் காப்பாற்றாது. உண்மை. யாரோ நிர்வகிக்கும் லேப் கணினியில் சாவியை வைப்பதும் அதனால்தான் கூடாது. ஆனால் வீட்டுச் சுவரை இடித்து வருகிறவன் இருக்கிறான் என்பதற்காகக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிறவர் யாரும் இல்லை.

கல்லூரிகள் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். கணினிப் பாடத்தில் மறையாக்கம் ஒரு தாள் முழுக்க வருகிறது. பகா எண்கள், மாடுலோ கணக்கு எல்லாம் வருகிறது. பரீட்சையில் ஆர்எஸ்ஏ கணக்கு போட்டு முழு மதிப்பெண் வாங்கியவர், அன்று மாலையே கணக்கெடுப்புப் பட்டியலைப் பூட்டாமல் பென் டிரைவில் போட்டு நண்பரிடம் கொடுப்பார். கணக்கு தெரியாததால் இல்லை. தன் எடிட்டருக்குள்ளேயே அந்தக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. ஒரு லேப் வகுப்பு போதும். சாவி உருவாக்க, செருகுநிரல் போட, ஒரு கோப்பை எழுதி மூடி மறுபடி திறந்து பார்க்க. மருத்துவம், சமூகப்பணி, விலங்கியல் மாணவர்களுக்கு அந்த வகுப்பு கணினி மாணவர்களைவிட அதிகமாகத் தேவை. அடுத்தவர் வாழ்க்கையை எழுதி வைப்பவர்கள் அவர்கள்தான்.

திருமணியில் அந்தப் பெரியவர் "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொன்னபோது, அந்த மாணவர் "சொல்ல மாட்டேன்" என்று தலையாட்டியிருப்பார். ராத்திரி கோப்பை மூடும்போது விம்மில் சேமித்து வெளியேற மூன்றே எழுத்து தட்ட வேண்டும். பூட்டு உள்ளேயே இருந்தால் அதே மூன்று எழுத்தில் அந்த வாக்கும் காப்பாற்றப்பட்டுவிடும்.